கப்பல் ஏறும் இளைஞர் கூட்டம்: கரையில் இருக்கும் கடைக்கு என்ன மிச்சம்?

உல்லாசக் கப்பலில் பயணம் போகிறவர்கள் யார் என்று கேட்டால் அமெரிக்காவில் ஒரு பழைய கேலிப் பேச்சைச் சொல்வார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், சாப்பாட்டுப் பிரியர்கள், காடு வா வா என்று அழைக்கும் கிழவர்கள் ஆகிய மூன்று வகையாருக்குத்தான் அந்தப் பயணம் என்பது அந்தக் கேலி. இப்போது அது பழங்கதையாகிவிட்டது. உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் உலகச் சங்கம் வெளியிடும் கணக்குப்படி, பயணிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள். வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆன இளைஞர்களும் இளம் தம்பதியரும் நண்பர் குழுக்களும் கப்பல் ஏறுகிறார்கள்.

மளிகைக் கடையும் மண்டியும் நடத்தும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று உறுப்பினர்கள் கேட்கலாம். இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, இளம் வாடிக்கையாளர் எதை விரும்பிக் காசு கொடுக்கிறார் என்பதை இந்தத் தொழில் நன்றாகப் படித்து வைத்திருக்கிறது. இரண்டாவது, அந்தக் காசு எங்கே தங்குகிறது என்பது. ஆயிரக்கணக்கான பேர் ஒரு துறைமுகத்தில் இறங்கினாலும், அந்த ஊர்க் கடைவீதியின் கல்லாவில் விழுவது எவ்வளவு என்ற கேள்வி இன்று பல நாட்டு வியாபாரிகளின் பிழைப்பைப் பற்றிய கேள்வியாக இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் உல்லாசக் கப்பல் புறப்பட்டு விட்டதால், நாமும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தொழில் வளர்ந்த விதம்

இந்த வியாபாரத்தின் தலைநகர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள மயாமி. கடல் கடந்து போவதற்கு விமானம் வந்த பிறகு, பெரிய பயணிகள் கப்பல்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1960களின் பிற்பகுதியில் சிலர் அதை வேறு விதமாக யோசித்தார்கள். போய்ச் சேருவதற்காகக் கப்பல் ஏறியது போக, கப்பலில் இருப்பதற்காகவே கப்பல் ஏறட்டும் என்றார்கள். 1966ல் மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு ஒழுங்கான உல்லாசப் பயணம் தொடங்கியது. 1968ல் ராயல் கரீபியன் நிறுவனமும் 1972ல் கார்னிவல் நிறுவனமும் தோன்றின. கார்னிவலின் முதல் கப்பல் ஒரு பழைய கப்பலை வாங்கிப் புதுப்பித்தது. அதுவும் முதல் பயணத்திலேயே மயாமிக்கு வெளியே மணல் திட்டில் தட்டி நின்றது. அந்த நிறுவனந்தான் இன்று உலகத்திலேயே பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனம்.

2019ல் உலகம் முழுவதும் 2 கோடியே 97 லட்சம் பேர் இப்படிப் பயணம் செய்தார்கள். 2020ல் கொரோனா வந்தது. ஜப்பானின் யோகஹாமா துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 700க்கும் மேற்பட்டோருக்கு நோய் தொற்றியதை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை உல்லாசப் பயணம் இல்லை. இந்தத் தொழில் இத்தோடு தீர்ந்தது என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் 2023ல் பயணிகள் 3 கோடியே 17 லட்சம். 2024ல் 3 கோடியே 46 லட்சம். விழுந்த இடத்தைத் தாண்டி எழுந்துவிட்டது. அப்படி எழுந்ததில் இளம் வயதினருக்குப் பெரிய பங்கு உண்டு.

இளைஞர் ஏன் வருகிறார்?

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நம் கடைக்கும் பொருந்துவன இவற்றில் உண்டு.

1. செலவு முன்கூட்டியே தெரிகிறது. ஒரு ஊருக்குச் சுற்றுலா போனால் தங்கும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஊருக்கு ஊர் வண்டிச் சத்தம், மாலையில் வேடிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பையில் கை விட வேண்டும். கப்பல் டிக்கெட்டில் அறை, முக்கியச் சாப்பாடு, ஊர் விட்டு ஊர் போவது, ஆட்டம் பாட்டம், நீச்சல் குளம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. வாடகையும் விடுதிக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும் காலத்தில், அளவான சம்பளம் வாங்கும் இளைஞருக்கு இது பெரிய ஆறுதல்.

2. சிறிய பொட்டலமாகக் கிடைக்கிறது. ஏழு நாள், பத்து நாள் லீவு எடுக்கப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரால் முடியாது. அவருக்காகவே மூன்று இரவு, நான்கு இரவுப் பயணங்கள் உள்ளன. வெள்ளிக்கிழமை ஏறினால் திங்கட்கிழமை காலை இறங்கிவிடலாம். முன்பெல்லாம் இந்தக் குறும்பயணத்துக்குப் பழைய கப்பல்களைத்தான் விடுவார்கள். 2024 ஜூலையில் ராயல் கரீபியன் நிறுவனம் யுடோபியா ஆஃப் தி சீஸ் என்ற புத்தம் புதிய பெருங்கப்பலை நேராக மூன்று, நான்கு இரவுப் பயணத்திலேயே இறக்கியது. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் போட்டு விற்ற அதே வியாபார புத்திதான். சிறு பாக்கெட் வாங்கிப் பழகியவர் பிறகு பெரிய பாட்டில் வாங்குவார் என்பது கணக்கு.

3. கப்பலே ஊராகிவிட்டது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து புறப்பட்ட ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலின் நீளம் 365 மீட்டர், 20 தளங்கள். முழுக் கொள்ளளவில் 7,600 பயணிகள், 2,350 ஊழியர்கள். நீர்ச் சறுக்கு, பனிச்சறுக்கு அரங்கு, நாடகக் கொட்டகை என்று எல்லாம் உள்ளே இருக்கின்றன. அப்பா ஒரு தளத்தில் உறங்கலாம். பிள்ளைகள் வேறு தளத்தில் ஆடலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் யாரையும் ஏற்றாத வர்ஜின் வாயேஜஸ் என்ற நிறுவனமும் 2021ல் பயணத்தைத் தொடங்கியது. அதன் கப்பலில் பச்சை குத்தும் கடைகூட உண்டு. யாருக்கு விற்கிறோம் என்பதை அவர்கள் முதலிலேயே தீர்மானித்துக்கொண்டார்கள்.

4. தனியாக வருபவரையும் ஒதுக்குவதில்லை. கப்பல் அறையின் விலை இருவருக்கு என்று போடப்படுவது. ஒருவர் மட்டும் வந்தால் ஏறத்தாழ இருவர் காசையும் கொடுக்க வேண்டியிருக்கும். 2010ல் நார்விஜியன் எபிக் என்ற கப்பலில் ஒருவருக்கு மட்டுமான சிற்றறைகள் வந்தன. பிறகு மற்றவர்களும் பின்பற்றினார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போடும் தலைமுறைக்கு இது ஏற்றதாக அமைந்தது.

5. நடுக்கடலிலும் கைபேசி வேலை செய்கிறது. முன்பு கப்பலில் இணையம் ஆமை வேகம். விலையோ யானை விலை. 2022 ஆகஸ்டில் ராயல் கரீபியன் நிறுவனம் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத்தைத் தன் கப்பல்களில் பொருத்துவதாக அறிவித்தது; மற்ற பெரிய நிறுவனங்களும் தொடர்ந்தன. அதன் பிறகு, ஏறியவர் ஒவ்வொருவரும் படம் பிடித்து அங்கிருந்தே நண்பர்களுக்கு அனுப்புகிறார். நிறுவனம் செலவழிக்காத விளம்பரம் இது. அது மட்டுமல்ல, சிலர் கப்பலில் இருந்தபடியே அலுவலக வேலையும் பார்க்கிறார்கள்.

கல்லாப் பெட்டி எங்கே இருக்கிறது?

இவ்வளவும் கொடுத்து டிக்கெட்டையும் மலிவாக விற்றால் நிறுவனத்துக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? வியாபாரிகளான நமக்கு இந்தக் கேள்விதான் முதலில் தோன்றும்.

பதில் நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கிலேயே இருக்கிறது. 2024ல் கார்னிவல் குழுமத்தின் மொத்த வரவு சுமார் 2,500 கோடி டாலர். அதில் டிக்கெட் விற்ற வகையில் வந்தது சுமார் 1,646 கோடி. மீதி 850 கோடிக்கும் மேலான தொகை பயணி ஏறிய பிறகு செலவழிப்பதும் அதைச் சார்ந்த பிற வரவுகளும் ஆகும். மது, காசினோ, தனிக் கட்டண உணவகம், இணையம், புகைப்படம், மசாஜ், கப்பல் கடைகள், கரைச் சுற்றுலா எல்லாம் இதில் சேரும். அதாவது மூன்று டாலர் வரவில் ஒரு டாலர் டிக்கெட்டுக்கு வெளியே இருந்து வருகிறது.

காலி அறையோடு கப்பல் புறப்பட்டால் அந்த அறையின் வருமானம் கடலில் கரைத்த பெருங்காயம். மறுநாள் விற்க முடியாது. மாலையில் மீந்த கீரைக்கட்டு மாதிரிதான். ஆகவே குறைந்த விலைக்காவது ஆளை ஏற்றிவிடுவது, ஏறியவரிடம் உள்ளே விற்பது என்பது அவர்கள் வழி. கப்பலில் யாரும் ரொக்கம் எண்ணிக் கொடுப்பதில்லை. ஒரு அட்டையைக் காட்டினால் போதும், கணக்கு ஏறும். இறங்கும் நாள் காலையில்தான் பில் வரும். பற்று எழுதிக் கொடுக்கும் நமக்கு இதன் மகிமை தெரியும்: கையில் காசு எண்ணாதபோது மனிதர் தாராளமாக வாங்குவார். நம் பற்றுக் கணக்கில் காசு நிற்கும். அவர்கள் கணக்கில் நிற்காது. ஏறும்போதே வங்கி அட்டையைப் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள்.

சரக்கு ஏற்றும் நாள்

மளிகைக்காரருக்குப் பிடித்தமான பகுதி இது. பெரிய கப்பல் ஒன்று விடியற்காலையில் மயாமியில் வந்து நிற்கும். அன்று மாலையே அடுத்த பயணம். இடைப்பட்ட சில மணி நேரத்தில் பழைய பயணிகள் ஆயிரக்கணக்கில் இறங்க வேண்டும்; புதியவர்கள் ஏற வேண்டும்; அறைகள் சுத்தமாக வேண்டும்; ஒரு வாரச் சரக்கு முழுவதும் உள்ளே போய்விட வேண்டும். சிம்ஃபனி ஆஃப் தி சீஸ் என்ற கப்பலின் ஒரு வாரத் தேவை சுமார் 60,000 முட்டை, 9 டன் உருளைக்கிழங்கு. நடுக்கடலில் உப்பு தீர்ந்தால் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்ப முடியாது. கூடுதலாக வாங்கி வைத்தால் இடமும் இல்லை, அழுகியும் போகும்.

ஆகவே எல்லாம் கணக்கில் நடக்கிறது. போன பயணத்தில் எது எவ்வளவு செலவாயிற்று, இந்தப் பயணத்தில் குழந்தைகள் எத்தனை, எந்த நாட்டவர் எத்தனை என்று பார்த்துக் கொள்முதல் பட்டியல் போடுகிறார்கள். முந்தி வந்த சரக்கு முந்திப் போக வேண்டும் என்ற விதி கண்டிப்பாக நடக்கிறது. குளிர்பதனச் சரக்கைத் துறைமுகத்திலேயே வெப்பம் பார்த்து, சரியில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் முன்னறிவிப்பு இல்லாமல் கப்பல் ஏறிச் சமையலறையையும் கிடங்கையும் சோதிக்கும். 100க்கு 86 மதிப்பெண்ணாவது எடுத்தால்தான் தேர்ச்சி. எந்தக் கப்பலுக்கு எத்தனை மதிப்பெண் என்பது ஊரறிய வெளியிடப்படும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவ்வளவு கொள்முதலும் பெரும்பாலும் கப்பல் புறப்படும் துறைமுகத்தில், பெரிய ஒப்பந்தக்காரர்களிடமே நடக்கிறது. வழியில் தொடும் தீவுகளின் விவசாயிக்கும் மண்டிக்காரருக்கும் இதில் கிடைப்பது சொற்பம்.

கடைவீதியின் கதை

கரீபியன் கடலில் சின்ட் மார்ட்டின் என்று ஒரு தீவு. அதன் டச்சுப் பகுதியின் தலைநகர் பிலிப்ஸ்பர்க். அங்கே கடற்கரையை ஒட்டிய ஃபிரண்ட் ஸ்ட்ரீட் முழுவதும் நகை, கைக்கடிகாரம், மது, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள். இறக்குமதித் தீர்வை இல்லாத ஊர் என்பதால் விலை குறைவு. அந்தக் கடைகளில் பலவற்றை நடத்துவது நம் நாட்டிலிருந்து போன வணிகர்கள், குறிப்பாகச் சிந்திகள். அவர்களுக்கென்று இந்திய வணிகர் சங்கமும் அங்கே இருக்கிறது. காலையில் கப்பல் வரும், மாலையில் போகும். இடையில் உள்ள ஏழெட்டு மணி நேரந்தான் வியாபாரம். கப்பல் வராத நாளில் வீதி வெறிச்சோடிவிடும்.

இப்படி ஒரே வாடிக்கையை நம்பிய கடைக்கு என்ன ஆகும் என்பதையும் அந்த வீதி பார்த்தது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் தீவையே நாசமாக்கியது. அதிலிருந்து தலை நிமிரும்போது 2020ல் கொரோனா வந்து கப்பல்கள் நின்றன. 2021 ஜூனில்தான் உல்லாசக் கப்பல் மறுபடி அங்கிருந்து புறப்பட்டது. ஓராண்டுக்கும் மேலாக வாடிக்கையாளரே இல்லாமல் வாடகை கட்டிய கடைக்காரரின் நிலைமையை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கப்பலுக்கும் கரைக்கடைக்கும் உள்ள உறவு விசித்திரமானது. சுங்க விதிகளின் காரணமாகக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அதன் உள்ளே உள்ள தீர்வை இல்லாக் கடைகள் வழக்கமாக மூடியிருக்கும். அந்த நேரந்தான் கரைக்காரரின் நேரம். ஆனால் அதற்கு முன்பே கப்பலில் எந்தக் கடையில் வாங்கலாம் என்று வரைபடம் கொடுத்துப் பேச்சும் நடத்திவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இடம் பிடிக்கக் கடைக்காரர் விளம்பரக் கட்டணம் கட்ட வேண்டும். கட்ட முடியாத சிறுகடை பட்டியலுக்கு வெளியே நிற்கும்.

இளைஞர் கூட்டம் அதிகமாவதில் இன்னொரு சிக்கல். ஓய்வு பெற்ற தம்பதியர் மாதிரி இவர்கள் வைர மோதிரமும் கைக்கடிகாரமும் பார்க்கவென்று வருவதில்லை. இவர்களுக்கு வேண்டியது கடற்கரை, நீர் விளையாட்டு, ஊர்ச் சாப்பாடு, நல்ல படம். அந்தச் செலவையும் கப்பலிலேயே கரைச் சுற்றுலா டிக்கெட்டாக வாங்கிவிட்டால், அதில் ஒரு பங்கு நிறுவனத்துக்குப் போய்விடும்.

இப்போது நிறுவனங்கள் ஒரு படி மேலே போய்விட்டன. தாங்களே தீவையும் கடற்கரையையும் எடுத்து நடத்துகின்றன. 1977ல் நார்விஜியன் நிறுவனம் பஹாமாஸ் நாட்டில் ஒரு தீவை வாங்கியது. அதே நாட்டில் உள்ள கோகோகே தீவை ராயல் கரீபியன் 25 கோடி டாலர் செலவில் புதுப்பித்து 2019ல் திறந்தது. 2025 ஜூலையில் கார்னிவல் நிறுவனம் கிராண்ட் பஹாமா தீவில் செலிப்ரேஷன் கீ என்ற துறையைத் திறந்தது. உள்ளூர் வியாபாரிகளுக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் வாசலும் விதியும் நிறுவனத்துடையவை. பயணி கப்பலை விட்டு இறங்கினாலும் நிறுவனத்தின் கல்லாவை விட்டு இறங்குவதில்லை.

ஊர்கள் எடுத்த முடிவுகள்

கூட்டம் வந்தால் போதும் என்றிருந்த ஊர்கள் இப்போது யோசிக்கத் தொடங்கியிருக்கின்றன.

அலாஸ்கா மாநிலத் தலைநகர் ஜூனோவில் ஏறத்தாழ 32,000 பேர் வசிக்கிறார்கள். கோடை ஒன்றில் பதினாறு லட்சத்துக்கும் மேல் கப்பல் பயணிகள் வருகிறார்கள். கப்பல் நிற்கும் வீதியில் உள்ள பல நகைக் கடைகள் கோடை முடிந்ததும் பூட்டப்படும். கப்பல்கள் குளிர்காலத்துக்குக் கரீபியன் பக்கம் போவதால் சில வியாபாரிகளும் கூடவே அங்கே போய்விடுகிறார்கள். ஊர்க்காரருக்கு மிஞ்சுவது பூட்டிய கதவு. நகர நிர்வாகம் நிறுவனங்களோடு பேசி, 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் கூடாது என்று உடன்பாடு செய்தது. 2026க்கு நாளொன்றுக்கு 16,000 பயணிகள், சனிக்கிழமைகளில் 12,000 என்ற வரம்பும் பேசி முடிக்கப்பட்டது. சனிக்கிழமையில் பெரிய கப்பலே வேண்டாம் என்ற யோசனை 2024 அக்டோபரில் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. பிழைப்பும் வேண்டும், மூச்சுவிட இடமும் வேண்டும் என்பது ஊரின் நிலை.

மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்ற சிற்றூரில் 2022 நவம்பரில் மக்கள் வாக்களித்து, நாளொன்றுக்கு 1,000 பயணிகளே இறங்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். அந்த ஊர் வியாபாரிகளில் ஒரு பகுதியினர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் நகர மக்கள் 2020ல் இதேபோல் வரம்பு கேட்டு வாக்களித்தபோது, 2021ல் மாநிலச் சட்டம் ஒன்று அதைச் செல்லாததாக்கியது. இத்தாலியின் வெனிஸ் நகரின் நடுவே பெரிய கப்பல்கள் போவது 2021 ஆகஸ்ட் முதல் தடை செய்யப்பட்டது.

எது சரி, எது தவறு என்று இங்கிருந்து நாம் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. எங்கே வியாபாரிகளும் ஊர் நிர்வாகமும் ஒன்றாக உட்கார்ந்து நிறுவனத்தோடு பேசினார்களோ அங்கே ஓரளவு நிபந்தனை எழுதிக்கொள்ள முடிந்தது. பேசாமல் விட்ட ஊரில் வழக்குதான் மிச்சம்.

நம் கரையில்

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். 1990ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் முன்பு ராயல் கரீபியன் நிறுவனத்திடம் இருந்தது. கப்பலில் காசினோ இருக்கிறது என்ற எதிர்ப்பின் காரணமாக அப்போது புதுச்சேரியில் நிறுத்த அனுமதி கிடைக்கவில்லை. 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களுக்குப் போனது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கப்பல் சுற்றுலாவை வளர்ப்பதற்கென்று தனித் திட்டம் ஒன்றை மும்பையில் தொடங்கியது.

சென்னைத் துறைமுகத்தின் எதிரிலேயே பாரிமுனை, பூக்கடை, பர்மா பஜார் இருக்கின்றன. திருகோணமலையிலும் காங்கேசன்துறையிலும் நம்மைப் போன்ற தமிழ் வியாபாரிகள் இருக்கிறார்கள். பிலிப்ஸ்பர்க்கின் அனுபவம் இவர்கள் எல்லோருக்கும் பயன்படும். கப்பல் கால அட்டவணை கடைக்காரருக்கு முன்கூட்டியே கிடைக்கிறதா? கப்பல் வரும் நாளில் துறைமுக வாசலிலிருந்து கடைவீதிக்கு நியாயமான வண்டிச் சத்தத்தில் போக வழி உண்டா? ஏற்றும் காய்கறியிலும் அரிசியிலும் உள்ளூர் மண்டிக்குப் பங்கு கேட்டோமா? கப்பல் வழக்கமாக வந்து போகத் தொடங்கிய பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது எளிது.

வீட்டுப் பிள்ளை கேட்டால்

நம் பிள்ளைகளும் நண்பர்களோடு கப்பலில் போக வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கலாம். கூடாது என்று ஒரே வார்த்தையில் மறுக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டுக் காட்டினால் போதும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நான்கு இரவுப் பயணம், விளம்பர விலை 300 டாலர். துறைமுகக் கட்டணமும் வரியும் 150. ஊழியர் டிப்ஸ் நாளொன்றுக்கு 18 வீதம் 72. இணையம் நாளொன்றுக்கு 20 வீதம் 80. ஒரு கரைச் சுற்றுலா 90. ஆகமொத்தம் 692 டாலர். ஒரு குளிர்பானம்கூட இன்னும் வாங்கவில்லை. துறைமுகம் வரைக்கும் போகும் செலவும் சேரவில்லை. அதற்குள் விளம்பர விலை இரட்டிப்பைத் தாண்டிவிட்டது. 2024 ஜூலையில் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் ஒன்று, கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்று கட்டளையிட்டது. அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் அமெரிக்கா முழுவதும் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்தே விலை காட்டத் தொடங்கின. டிப்ஸும் இணையமும் இன்னமும் பெரும்பாலும் தனிதான்.

மேலும் நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

முதலாவது, விசா. சிங்கப்பூரில் ஏறி வேறு நாட்டைத் தொட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்குவதானால், ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசா தேவை.

இரண்டாவது, வைத்தியம். கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால் அந்த பில் டிக்கெட்டில் சேராது. பயணக் காப்பீடு அவசியம்.

மூன்றாவது, நேரம். கப்பலின் சொந்தச் சுற்றுலாவில் போனவர் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தானாக ஊர் சுற்றப் போனவருக்காகக் காத்திருக்காது.

நான்காவது, ரத்து விதி. புறப்படும் நாள் நெருங்க நெருங்க, திரும்பக் கிடைக்கும் பணம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் ஒன்றும் கிடைக்காது.

நம் கடைக்கு என்ன பாடம்?

1. முழு விலையைச் சொல்லுங்கள். இளம் வாடிக்கையாளர் வருவது மொத்தச் செலவு முன்பே தெரிவதால்தான். வீட்டுக்குச் சரக்கு அனுப்பும் கூலியையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லும் கடைக்கு அவர் மறுபடி வருவார். பில்லின் அடியில் திடீரென்று கூலி சேர்த்தால் வரமாட்டார்.

2. சிறிய அளவில் விற்கத் தயங்காதீர்கள். தனியாக அறை எடுத்துத் தங்கும் வேலைக்காரப் பிள்ளைக்கு ஐந்து கிலோ பருப்பு வேண்டாம்; கால் கிலோ வேண்டும். அவருக்கு அரை லிட்டர் எண்ணெய் கிடைக்கும் கடைதான் கடை. குடும்பம் ஆன பிறகும் அந்தக் கடைக்கே வருவார்.

3. சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். ஒரு வாரச் சமையலுக்கு வேண்டிய சாமான்களை ஒரே பையாகப் போட்டு ஒரே விலை வைக்கலாம். கப்பல்காரர் செய்வது அதுதான்.

4. கொள்முதலில் கப்பல் கணக்கு வேண்டும். போன மாதம் எது எவ்வளவு போயிற்று என்று எழுதி வைத்து வாங்கினால், தேங்கிய சரக்கும் குறையும், இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்பும் ஆளும் குறையும். முந்தி வந்தது முந்திப் போகட்டும்.

5. ஒரே வாடிக்கையை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனி கேண்டீன், ஒரு கல்லூரி விடுதி, ஒரு கோயில் திருவிழா என்று ஒன்றையே நம்பிய கடை, அது நின்ற அன்று தானும் நிற்கும். பிலிப்ஸ்பர்க் வீதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

6. தனியாகப் பேச வேண்டாம், சங்கமாகப் பேசுங்கள். பெரிய நிறுவனத்தின் முன் ஒற்றைக் கடைக்காரர் கட்டணம் கட்டி விளம்பரப் பட்டியலில் இடம் கேட்கத்தான் முடியும். ஒரு வீதி முழுவதும் சேர்ந்து கேட்டால் அட்டவணையும் கேட்கலாம், கொள்முதலில் பங்கும் கேட்கலாம், விதியில் திருத்தமும் கேட்கலாம்.

இளைஞர் கப்பல் ஏறுவதை நாம் தடுக்கப் போவதில்லை. தடுக்க வேண்டியதும் இல்லை. உழைத்துச் சம்பாதித்தவர் நாலு நாள் கடலைப் பார்த்துவிட்டு வரட்டும். ஆனால் அவர் இறங்கும் ஒவ்வொரு கரையிலும் நம்மைப் போன்ற ஒருவர் காலையில் கடை திறந்து, தண்ணீர் தெளித்து, வாடிக்கையாளரை எதிர்பார்த்து நிற்கிறார். அந்தக் கடைக்கும் ஒரு பங்கு சேரும்படி நிபந்தனை எழுத வேண்டியது கப்பல் வருவதற்கு முன்னால்தான். சென்னையிலும் திருகோணமலையிலும் காங்கேசன்துறையிலும் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.